விக்கா தொடக்கப் பெட்டி: நாகர்கோவில் வீட்டுக்கு எவ்வளவு பொருந்தும்?

இங்கிலாந்தில் உருவான விக்கா என்ற மதத்தைப் பழகிப் பார்க்க நினைத்து, ஆன்லைனில் "விட்ச்கிராஃப்ட் ஸ்டார்ட்டர் கிட்" என்று தேடினால் ஐந்தாறு பெயர்களில் ஏறக்குறைய ஒரே பெட்டிதான் வருகிறது. மூடியின் படம் மாறும், உள்ளே சரக்கு ஒன்றுதான். அதனால் கடையின் பெயரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பார்ப்போம்.

உள்ளே இருப்பவை: 24 மூலிகைப் பொட்டலங்கள், 12 வண்ண மெழுகுதிரிகள், 9 கற்கள், வெள்ளை சேஜ் இலைக் கட்டு ஒன்று, ஒரு குப்பி கறுப்பு உப்பு, 10 கரி வில்லைகள், மூன்று அங்குல இரும்புக் கொப்பரை, பித்தளை நிறக் கிண்ணம், முனை மழுங்கிய சிறு கத்தி, ஐந்துமுனை நட்சத்திரம் செதுக்கிய மரத்தட்டு, ஆங்கிலத்தில் 64 பக்கக் கையேடு, ஒரு நிலாக் காலண்டர். ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் கையேட்டுக்கு மூன்றரை, பொருள்களுக்கு இரண்டு. காலண்டருக்கு மதிப்பெண் கிடையாது.

கையேட்டிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கொடுக்கும் காசுக்கு உருப்படியாகக் கிடைப்பது அது ஒன்றுதான். விக்கா என்பது பில்லி சூனியம் இல்லை, செய்வினை எடுப்பதும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நம் மாவட்டத்தில் இது அவசியம். மந்திரவாதம் என்றாலே இங்கே தகடும் கறுப்புக் கயிறும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். விக்காவில் அவை எதுவும் இல்லை. ஒரு தேவி, ஒரு தேவன், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், பௌர்ணமிக் கூடுகை, "யாருக்கும் தீங்கில்லையேல் உன் விருப்பப்படி செய்" என்ற ஒரு நெறி. இவ்வளவுதான் அடிப்படை. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்பதையும் கையேடு விதியாகவே எழுதியிருக்கிறது. அதை ஏற்காத விக்காக்காரர்களும் உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். (விற்பனைப் பக்கத்தின் தமிழ் தனி வேடிக்கை. மந்திரத்துக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் "30 எழுத்துப்பிழைகள் இலவசம்" என்று போட்டிருக்கிறார்கள்.)

வரலாற்றுப் பகுதியில் சறுக்கல். "பல்லாயிரம் ஆண்டுப் பழமையான மதம்", "ஐரோப்பாவில் 90 லட்சம் பேர் எரிக்கப்பட்டனர்" என்ற இரண்டுமே தவறு. விக்காவுக்கு உருக்கொடுத்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884–1964). இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலும் பிறகு மலாயா சுங்கத்துறையிலும் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஆங்கிலேயர். 1735-இன் மாந்திரீகச் சட்டத்தை பிரிட்டன் 1951-இல் நீக்கியது, 1954-இல் அவர் வெளிப்படையாக நூல் எழுதினார். சடங்கு வரிகளில் பலவற்றைச் செப்பனிட்டவர் டோரீன் வேலியன்டே. ஆக, இந்த மதத்துக்கு நம் குமரி மாவட்டத்தைவிட மிஞ்சிப்போனால் சில ஆண்டுகள்தான் மூப்பு. ஐரோப்பாவின் சூனியக்காரர் வேட்டைகளில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பது இன்றைய வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. அந்த எண்ணே போதுமான கொடுமை, ஊதிப் பெரிதாக்க வேண்டிய தேவையில்லை.

பெட்டியோடு "முதல் நிலை" என்று ஒரு சான்றிதழ் அட்டையும் வருகிறது. அதைப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்னர் மரபில் மூன்று நிலைகள் உண்டு, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே தீட்சை பெற்றவர் நேரில்தான் தர முடியும். தனியாகச் செய்பவர்களுக்கு நிலையும் கிடையாது, அட்டையும் வேண்டாம். 1980-களில் ஸ்காட் கன்னிங்ஹாம் போன்றோர் பரப்பியது இந்தத் தனிவழியைத்தான். பெட்டியும் அதற்கானதுதான், அட்டைதான் வேறு கதை சொல்கிறது.

இனி காலண்டர். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு அச்சிட்டது. நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் ஒன்பதரை. அதனால் பல மாதங்களில் அங்கே பௌர்ணமி என்று போட்டிருக்கும் தேதி இங்கே மறுநாளாகிவிடும். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இதைவிடத் துல்லியமானது. "பௌர்ணமி இரவு 9.14 வரை" என்று அதில் இருந்தால், அந்த 9.14-தான் நிலா முழுமையடையும் நொடி. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே கோணம் 168 பாகையிலிருந்து 180 பாகை ஆகும் வரை பௌர்ணமித் திதி, 180-ஐத் தொட்டதும் பிரதமை. திதி முடியும் நேரம் இரவில் வந்தால் அன்றிரவு செய்யுங்கள். காலையில் முடிந்தால் முந்தின இரவு. மதியத்தை ஒட்டி முடிந்தால் இரண்டு இரவும் ஒன்றுதான், மேகமில்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு விழாக்களின் கதை இன்னும் சிக்கல். லண்டனில் ஜூன் 21 அன்று பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் 21 அன்று எட்டு மணிக்கும் குறைவு. அந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் டிசம்பர் விழாவான யூல், ஜூன் விழாவான லிதா எல்லாம் நிற்கின்றன. கன்னியாகுமரியில் நீண்ட பகல் சுமார் 12 மணி 35 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 40 நிமிடம். ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. "இருள் தோற்று ஒளி மீளும் இரவு" என்று டிசம்பரில் வாசித்தால், மார்கழிக் காலையில் வெயில் ஏற்கெனவே வாசலில் கிடக்கும்.

திசையும் இப்படித்தான். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண் என்று கையேடு வகுக்கிறது. வடக்கே மலை, மேற்கே அரபிக்கடல் என்பதால் இரண்டு திசை நமக்கு அச்சாகப் பொருந்துகின்றன. தெற்கில்தான் தகராறு. இங்கிலாந்தில் உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்கும், அதனால் தெற்கு நெருப்பு. நமக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே தாண்டிவிடும். செப்டம்பர் தொடக்கத்தில்தான் மறுபடி தெற்கே திரும்பும். லிதா அன்று நண்பகலில் கொல்லைப்புறத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் நெருப்புக்குத் தென்கிழக்கு மூலை, காற்றுக்கு வடமேற்கு என்பார்கள். அது வேறு மரபின் வரைபடம். இரண்டையும் கலந்து அரைகுறையாக வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. விக்கா முறை என்றால் விக்கா முறையையே வைத்து, தெற்கே கடல் கிடந்தாலும் அங்கே நெருப்பை ஏற்றுங்கள். சடங்கில் சுற்றும் திசைக்கும் இதே பதில். "சூரியன் போகும் வழியில் சுற்று" என்கிறது கையேடு. கோடையில் வடக்குப் பார்த்து நின்றால் சூரியன் வலமிருந்து இடமாகத்தான் போகும். குழம்ப வேண்டாம். கோவில் பிரகாரம் போல வலஞ்சுழியே போதும்.

விழாத் தேதிகளை மாற்றச் சொல்லவில்லை, அவை அந்த மதத்தின் தேதிகள். ஆனால் அந்தத் தேதியில் மண் என்ன செய்கிறது என்ற பத்தியை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆகஸ்ட் 1 லூனசா, முதல் கதிரறுப்பு. இங்கே கன்னிப்பூ நெல் அறுவடை தொடங்கும் பருவத்துக்கு அது கச்சிதம். செப்டம்பர் சமஇரவு நாளுக்கு வைத்திருக்கும் மேபன் என்ற பெயர் 1970-களில் அமெரிக்காவில் சூட்டியது, அதில் புனிதம் தேடாதீர்கள். பிப்ரவரி 1 இம்போல்க்கில் "பனிக்கடியில் முதல் துளிர்" என்றிருக்கும். நம் வயலில் அப்போது கும்பப்பூ நெல் முற்றி நிற்கும். அக்டோபர் 31 சாம்ஹேன் முன்னோரை நினைக்கும் இரவு, இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். மொட்டைமாடியில் திட்டம் போட்டால் பாதியில் உள்ளே ஓட வேண்டிவரும். ஆடி அமாவாசைக்கு முக்கடலில் முழுக்குப் போடும் ஊருக்கு முன்னோர் நினைவை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கையேட்டில் மிக எளிதாகப் புரியும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

மூலிகைகளுக்கு வருவோம். ஒரு பொட்டலத்தில் சுமார் ஐந்து கிராம், அதுவும் காகித உறை. ஜூன் மாதம் வாங்கினால் ஆவணிக்குள் பாதி பூசணம் பிடித்துவிடும். வந்த அன்றே பிரித்து, ஒரு வெயில் காட்டி, மூடி இறுகும் கண்ணாடிக் குப்பிகளுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் துணியில் முடிந்த ஒரு ஸ்பூன் பச்சரிசி போடுங்கள். சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் படர்ந்திருந்தால் குப்பைக்கு அனுப்புங்கள், "எரித்தால் போகும்" என்று புகைக்காதீர்கள். பூசணப் புகை மூச்சுக்குக் கேடு.

24-இல் இங்கே கிடைக்காதவை லாவெண்டர், கெமோமில், வெர்வெய்ன் போல ஐந்தாறுதான். மற்றதற்குப் பெட்டி தேவையே இல்லை. கிராம்புக்கு மாறாமலை இருக்கிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. பெட்டியில் வரும் காய்ந்த காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியாது, நம் ஊர்க் கிராம்பில் கசியும். மல்லிகை, ரோஜா எல்லாம் தோவாளையில் விடியும் முன்னே கொட்டிக் கிடக்கும்போது காய்ந்த இதழுக்கு ஏன் காசு? பிச்சிப்பூவைப் பீடத்தில் வைத்தால் அறையே மணக்கும். மக்வொர்ட் என்று கையேடு கொண்டாடும் செடியின் இனத்தில் நமக்கு மாசிபத்திரி உண்டு. கதம்பத்தில் கட்டும் மரிக்கொழுந்தும் அதே குடும்பம்தான், வாசனை மட்டும் இன்னும் இனிப்பு. தலையணைக்கடியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையேடு அதில் தேநீர் போடச் சொல்கிறது, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாத செடி அது. பெட்டியின் பெரிய குறை எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பே இலையில் வேண்டுதலை எழுதி எரிக்கும் முறைக்கு மளிகைக்கடைப் பிரிஞ்சி இலையை வாங்கினால் வேறு மரத்தின் இலை கிடைக்கும். ஐரோப்பிய இலைக்கு நடுவில் ஒரே நரம்பு, நம் இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள். பாதகமில்லை, எழுத இடம் கூடுதல். நன்றாகக் காய்ந்ததை எடுங்கள். ஈரம் இருந்தால் எரியாமல் கருகி நிற்கும், உடனே "வேண்டுதல் மறுக்கப்பட்டது" என்று மனம் கெடும். மறுத்தது ஈரப்பதம்.

வெள்ளை சேஜ் கட்டைப் பெட்டியில் வைத்ததே தவறு. தெற்குக் கலிபோர்னியாவை ஒட்டி வளரும் செடி, அதன் புகையைப் புனிதமாகக் கொள்பவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகள். விக்காவுக்கும் அதற்கும் தொடக்கத்தில் உறவே கிடையாது. குந்திரிக்கம் போதும், கோவில் வாசனை வேண்டுமானால் சாம்பிராணி. கரி வில்லைகள் சீக்கிரம் பற்றுவதற்கு வெடியுப்பு சேர்த்தவை. ஈரம் உறிஞ்சிவிட்டால் ஓரத்தில் பொறி பறந்து நடுவில் அணைந்துவிடும். சிரட்டைக் கரி இதைவிட நல்லது. இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை இடுக்கியால் அடுப்பில் காட்டுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் மேலே சாம்பல் பூக்கும், அதற்குப் பிறகுதான் குந்திரிக்கம் போட வேண்டும். ஒரு பட்டாணி அளவு போதும். முந்திப் போட்டால் உருகி வழிந்து கரியை அணைத்துவிடும், வாசனைக்குப் பதில் தார் நாற்றம் வரும். மூன்று அங்குலக் கொப்பரையின் அடி சுடும், கீழே ஓட்டுத் துண்டு ஒன்று வையுங்கள். ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கொப்பரையில் சானிடைசர் போன்ற ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் வித்தையைக் கையேட்டின் 41-ஆம் பக்கம் சொல்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மெழுகுதிரிகள் நான்கு அங்குல நீளம், அரை அங்குலத் தடிமன். காற்றில்லாத அறையில் இரண்டு மணி நேரம் எரியும். மின்விசிறிக்குக் கீழே முக்கால் மணி நேரத்தில் ஒருபக்கமாக ஒழுகிப் போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னல் ஓரமே கூடாது. ஏப்ரலில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும், படுக்கவைத்துத் துணி சுற்றுங்கள். கறுப்பிலும் சிவப்பிலும் சாயம் திரியை அடைப்பதால் சுடர் சிறுத்துப் புகை கக்கும். திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டினால் ஓரளவு சரியாகும். நிறம் கட்டாயமில்லை, எதற்கும் வெள்ளை செல்லும் என்று கையேடே சொல்கிறது. பிறகு எதற்குப் பன்னிரண்டு நிறம்? குருசடிக்கு வாங்கும் வெள்ளை மெழுகுதிரி உறுதியாகவும் எரியும், விலையும் குறைவு.

கறுப்பு உப்பு இங்கே ஒரு குழப்பத்தைக் கிளப்பும். விக்காக்காரர்கள் சொல்வது உப்போடு கரித்தூளோ சாம்பலோ கலந்த காப்புப் பொடி. கடையில் கறுப்பு உப்பு கேட்டால் கந்தக நாற்றமடிக்கும் சாட் மசாலா உப்பைத் தருவார்கள். வீட்டிலேயே செய்யலாம். மூன்று பங்கு கல்லுப்பை நுணுக்கி, ஒரு பங்கு சலித்த சிரட்டைக் கரித்தூள் சேர்த்தால் முடிந்தது. உப்புக்கு நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தையே நம்பலாம். சடங்கு முடிந்து கூட்டிய உப்பைத் துளசித் தொட்டியிலோ வாழை மூட்டிலோ போடாதீர்கள், செடி கருகும். "வாசலில் கோடு போடு" என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். விடியும்போது பக்கத்து வீட்டார் வாசலில் கறுப்புப் பொடியைப் பார்த்தால் நெறியை விளக்க நேரம் கிடைக்காது. நிலைப்படிக்கு உள்பக்கம், மிதியடிக்கு அடியில் போடலாம்.

"மண்" தட்டுக்குச் சிலர் கடற்கரைக் கருமணலை அள்ளிவரப் பார்ப்பார்கள், அழகாக மின்னும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் உண்டு, அதில் கதிரியக்கத் தோரியம் உண்டு. படுக்கையறையில் வைக்கும் பொருளல்ல. கொல்லையில் ஒரு கை செம்மண் எடுங்கள்.

கற்களில் பளிங்கும் ரோஸ் குவார்ட்ஸும் நிஜம். நீலப்பச்சைக் கல் சாயம் ஏற்றிய ஹௌலைட், ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தால் நிறம் விடலாம். செலினைட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், மேற்பரப்பு கரையும். செவ்வந்திக்கல்லை வெயிலில் வைத்தால் வெளிறும். கல் ஊறிய "நிலா நீரை"க் குடிக்க வேண்டாம், கல்லை வெளியே வைத்துத் தண்ணீரை மட்டும் நிலவில் வையுங்கள்.

கத்தி மழுங்கியிருப்பது குறையல்ல. அதாமே எனப்படும் இந்தச் சடங்குக் கத்தி எதையும் வெட்டுவதற்கல்ல, சடங்கு வட்டத்தைச் சுட்டி வரைவதற்கு. உப்புக்காற்றில் இரண்டே வாரத்தில் துரு ஏறும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள். கடற்கரைக்கோ பேருந்திலோ கொண்டுபோகாதீர்கள். வெளியே செய்வதென்றால் ஒரு கொய்யாக் கம்பு போதும், கோலும் விக்காவில் சமமான கருவிதான். கிண்ணம் பித்தளை முலாம். திராட்சைச் சாறோ எலுமிச்சையோ ஊற்றினால் பச்சைக் களிம்பு கட்டும். "அப்பமும் பானமும்" பகுதிக்கு மண்குவளையில் பதநீர், கூடவே இரண்டு முறுக்கு. இதற்கு எந்தக் கார்ட்னரும் ஆட்சேபிக்க முடியாது.

முதல் வட்டம் போடும் முறையைக் கையேடு நான்கு பக்கத்தில் நன்றாகச் சொல்கிறது. மரபான அளவு ஒன்பது அடி விட்டம். நடுவில் ஆணி, நாலரை அடிக் கயிறு, அவ்வளவுதான். பத்துக்குப் பத்து அறையில் கட்டில் கிடந்தால் ஐந்தடி போதும். முதலில் புது வாரியலால் தரைக்கு மேலே காற்றைப் பெருக்குங்கள். வீட்டு வாரியலைப் பீடத்தருகே கொண்டுவந்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், அதற்கென ஒன்றைத் தனியாக வையுங்கள். பிறகு உப்பு கலந்த நீர், அடுத்து புகை. கிழக்கில் தொடங்கி வலஞ்சுழியாக நான்கு திசைகளை அழையுங்கள், நடுவில் நின்று என்ன நோக்கத்துக்கு வந்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு பானமும் அப்பமும், திசைகளுக்கு நன்றி, இடஞ்சுழியாக வட்டத்தை அவிழ்த்தல். முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகும். பெரும்பாலும் தவறுவது கடைசிப் படிதான். அலுப்பில் வட்டத்தை அவிழ்க்காமல் எழுந்துவிடுவார்கள். தீப்பெட்டியை வெளியே மறந்துவிட்டு, வட்டத்தைத் தாண்டுவதா வேண்டாமா என்று திகைப்பது அடுத்தது. கத்தியாலோ கோலாலோ ஒரு வாசல் வரைந்து போய், திரும்பி வந்து அதை மூடுங்கள்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சில விற்பனைப் பக்கங்களில் இதே பெட்டி "நோய் தீர்க்கும், குழந்தைப்பேறு தரும்" என்று வருகிறது. கார்ட்னர் நூல் வந்த அதே 1954-இல்தான் இந்தியாவில் மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரான சட்டமும் வந்தது. அப்படி எழுதும் கடையில் வாங்காதீர்கள். "உங்களுக்கு யாரோ செய்திருக்கிறார்கள், எடுக்கத் தனிக் கட்டணம்" என்று வாட்ஸாப்பில் தொடர்பவருக்கும் விக்காவுக்கும் தொடர்பில்லை.

ஆக, வாங்கலாமா? ஆங்கிலம் வாசிக்க வரும், இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, லாவெண்டரும் கெமோமிலும் கட்டாயம் வேண்டும் என்றால் தள்ளுபடியில் வாங்குங்கள். கையேடு தனியாகக் கிடைத்தால் அது மட்டும் போதும், மீதியைக் கோட்டாறு நாட்டுமருந்துக் கடையிலும் வடசேரிச் சந்தையிலும் ஒரே காலையில், சில நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். பிரித்த பெட்டியை யாரும் திருப்பி எடுப்பதில்லை. அதனால் மேல் உறையைக் கிழிக்கும் முன் கண்ணாடிக் குப்பி உடைந்த சத்தம் கேட்கிறதா என்று ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள்.

நிழல் நூல் என்று அவர்கள் சொல்லும் குறிப்பேட்டுக்குக் கையேட்டின் கடைசியில் எட்டு வெற்றுப் பக்கங்கள் விட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தத் தாளில் மை ஊறிப் பரவும், பென்சிலால் எழுதுங்கள். அல்லது 200 பக்கக் கோடில்லாத நோட்டு ஒன்று வாங்கி, தேதி, திதி முடிந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எதை எரித்தீர்கள், எது பற்றவில்லை என்று வரிசையாகக் குறித்து வையுங்கள்.